மன்னிப்புக்கு ஏன் பலி? ஓர் இணையவழி ஒலிப்பாடத்தைக் கேட்டபின்

மன்னிக்க விரும்பும் கடவுள் வெறுமனே மன்னித்துவிடலாமே, இடையில் ஒரு பலி எதற்கு என்ற கேள்வியை மழுப்பாமல் எடுத்துக்கொள்வதே இந்தக் கிறிஸ்தவ இறையியல் ஒலிப்பாடத்தின் முதல் சிறப்பு. உயிர் இரத்தத்தில் இருப்பதால் அதுவே பாவநிவர்த்தி செய்யும் என்னும் விவிலியத்தின் லேவியராகமம் 17:11இல் தொடங்கி, எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் அதைக் கிறிஸ்துவின் மரணத்தோடு இணைக்கும் விதத்தை ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் ஆன்செல்ம் முன்வைத்த வாதத்துக்கு ஒதுக்கிய பகுதிதான் பாடத்தின் உயிர்: பாவம் என்பது கடவுளுக்குரிய மதிப்பைச் செலுத்தாத கடன், அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவன் மனிதன், தீர்க்க வல்லவரோ கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வேண்டியிருந்தது. பிறருடைய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்று 16ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தக் காலத்தில் வலுப்பெற்ற கருத்து இதிலிருந்து வேறானது என்பதையும் (பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு) தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்.

சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதனின் உள்ளத்தையே மாற்றுகிறது என்ற 12ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அபெலார்டின் பார்வை சில நிமிடங்களில் முடிந்துவிடுவது எனக்கு ஏமாற்றமே. கீழைத் திருச்சபைகள் மரணத்தின் மீதான கிறிஸ்துவின் வெற்றியை முன்னிறுத்துவதும் பெயரளவுக்கே வருகிறது. பாடக்குறிப்புகள் இணைக்கப்படவில்லை, ஆயினும் ஆன்செல்ம் பகுதியை நான் இரண்டாம் முறையும் கேட்டேன்.