ஒமாஹாவைச் சிவப்பாக்கிப் பாருங்கள்: 270 டு வின் தளம்

அமெரிக்க அதிபர் தேர்தல் எப்படி நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் வாயால் விளக்குவதில்லை, 270 டு வின் தளத்தில் வரைபடத்தைத் திறந்து கையில் கொடுத்துவிடுகிறேன். காசு கட்ட வேண்டாம். மாநிலத்தைத் தொடத் தொட நீலம் (ஜனநாயகக் கட்சி), சிவப்பு (குடியரசுக் கட்சி) என்று நிறம் மாறும், கூடவே கூட்டுத்தொகையும் மாறும். அதிபரை முடிவு செய்வது மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் எலெக்டோரல் ஓட்டுகள்தான்: மொத்தம் 538, ஜெயிக்க 270.

எனக்கு இதில் பிடித்ததே நெப்ராஸ்கா மாநிலம்தான். மற்ற இடங்களில் மாநிலத்தில் ஜெயித்தவருக்கே எல்லா ஓட்டும். இங்கேயும் மெயின் மாநிலத்திலும் மட்டும் மாநில அளவில் ஜெயித்தவருக்கு 2, அப்புறம் ஒவ்வொரு தொகுதியிலும் ஜெயித்தவருக்கு ஒன்று. 2024-ல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் ஜெயித்த இடங்களோடு மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் நீலமாக்குங்கள். சரியாக 270 வரும். இப்போது நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரம் இருக்கும் 2-ஆம் தொகுதியை மட்டும் சிவப்பாக்குங்கள். 269-269!

அந்த ஒரே ஓட்டுக்காகத்தான் 2024 செப்டம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாம் தென் கரோலினாவிலிருந்து நெப்ராஸ்கா வரை போய், ஜெயித்தவருக்கே ஐந்தும் என்று சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டார். அதே கட்சியைச் சேர்ந்த நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர் மைக் மெக்டொனலே மறுத்ததால் அது நடக்கவில்லை, அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஏனென்றால் இதே கட்சிக்காரர்கள் 2011-ல் பென்சில்வேனியாவில் ஓட்டுகளைத் தொகுதிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள். 2012 முடிவை வைத்துத் தாளில் கணக்குப் போட்டேன்: மாநிலத்தில் ஜெயித்த ஒபாமாவுக்கு 7, தோற்ற குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 13. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஜனநாயகக் கட்சியும் இதையேதான் செய்தது. 2007-ல் கலிபோர்னியாவில் எதிர்க்கட்சி தொகுதிவாரி முறை கேட்டபோது கொதித்தார்கள், அதே வருஷம் வட கரோலினாவில் அதே முறைக்கு அவர்களே மசோதா கொண்டுவந்தார்கள். தன் கட்சிக்கு லாபம் வரும் மாநிலத்தில் மட்டும் ஒரு விதியை நியாயம் என்று சொல்வது வாக்காளரை ஏமாற்றும் வேலை, யார் செய்தாலும்.

பழைய தேர்தல்களின் வரைபடங்களும் தளத்தில் இருக்கின்றன. 2016, 2020 இரண்டிலும் மெயினின் 2-ஆம் தொகுதி டிரம்புக்குப் போனதைப் பாருங்கள், நெப்ராஸ்காவில் விதியை மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்று 2024-ல் மெயின் ஜனநாயகக் கட்சியினர் எச்சரித்தது ஏன் என்று அங்கேயே புரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் போனை விடப் பெரிய திரை வசதி. என் மதிப்பெண் 5-க்கு 5.