சிங்கப்பூரில் ரோட் பைக்: கிலோமீட்டரோடு ஈரத்தையும் எழுதி வையுங்கள்

ஓராண்டு ஓடிய ரோட் பைக்கின், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளின், கைப்பிடியில் (பார்) சுற்றிய டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பிரேக் லீவருக்குப் பின்னால், உள்ளங்கை அழுந்தும் இடத்தில், அலுமினியக் குழாயின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். அடியில் ஊசி குத்தியது போலச் சிறு குழிகள் தெரியும். மழையில் ஒருநாள்கூட நனையாத வண்டியிலும் இது உண்டு, ஏனென்றால் இது முழுக்க வியர்வை உப்பின் வேலை. பொடி மட்டும் என்றால் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது டேப் சுற்றிக்கொள்ளலாம். குழி நகத்தில் தட்டுப்பட்டால் பாரையே மாற்றிவிடுங்கள். அரித்துப்போன பார் சொல்லிக்கொண்டு ஒடிவதில்லை, சரிவில் பிரேக்கை இறுக்கும்போதுதான் ஒடியும்.

ஷிமானோ 105 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், கார்பன் ஃபிரேம், 28 மி.மீ. டயர். வார நாளில் விடியலுக்கு முன் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை சாங்கியிலிருந்து மண்டாய், கிராஞ்சி என்று ஒரு நீண்ட சுற்று. இங்கே வாரம் 150, 200 கி.மீ. ஓட்டுகிறவர்களில் பலர் வைத்திருப்பது ஏறக்குறைய இப்படியொரு வண்டிதான். அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் என்ன நிலைக்கிறது, என்ன போகிறது என்பதையே இங்கே எழுதியிருக்கிறது.

விடியலுக்கு முன் இங்கே காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்பது வழக்கம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக விழும். அது விழும் இடங்கள் பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட், பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டின் மேல்மூடி, ஃபிரேமின் மேல்குழாயான டாப் டியூப். அதனால் பராமரிப்பைத் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். பயிற்சிப் பதிவில் தூரம், நேரம், வாட் (மிதிக்கும் சக்தி), இதயத் துடிப்பு ஆகியவற்றோடு இன்னும் மூன்று சேருங்கள்: ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடல் எடை, குடித்த தண்ணீர், வண்டி நனைந்ததா என்பது. நனைந்ததற்கு ‘உலர்’, ‘வியர்வை’, ‘மழை’ என்று ஒரு சொல் போதும். ஓட்டங்களைப் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் தனிக்குறிப்பில் எழுதலாம், காகித நோட்டிலும் எழுதலாம். ஸ்ட்ராவாவில் செயின், டயர் ஒவ்வொன்றையும் தனியாகச் சேர்த்தால் அதன் தூரத்தை அதுவே கூட்டிக்கொள்ளும். ஈரத்தை மட்டும் நாம்தான் எழுத வேண்டும்.

செயின்

அதிகம் கெடுவதும், கவனித்தால் அதிகம் மிச்சப்படுத்துவதும் செயின்தான். செயினுக்கு இடுவது மெழுகா எண்ணெயா என்ற கேள்விக்கு இந்த ஊரில் காலத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தைப்பூசம் முடிந்ததிலிருந்து தீபாவளி வரை மெழுகு. தீபாவளியிலிருந்து தைப்பூசம் வரை, வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில், ஈரத்துக்கான எண்ணெய். ஆண்டு முழுக்க மெழுகிலேயே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் டிசம்பரில் வாரம் இரண்டு முறை மெழுகை உருக்க வேண்டியிருக்கும்.

மெழுகில் ஓட்டினால் கை கறுக்காது, மணல் ஒட்டாது, பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியான கேசட் துணியால் துடைத்ததுமே பளிச்சென்று ஆகும். ஆனால் முதல் வேலையில் அவசரப்படக் கூடாது. புதுச் செயினில் தயாரிப்பாளர் பூசிய கிரீஸ் ஒட்டும்பசை போன்றது. அது உள்ளே இருக்கும்வரை மெழுகு பிடிக்காது. மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் செயினைப் போட்டு, மினரல் டர்ப்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, கறுத்ததும் மாற்றுங்கள். மூன்று முறையில் தெளிந்துவிடும். கடைசியாக ஒரு முறை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் அலசுங்கள். டர்ப்பன்டைனின் மெல்லிய எண்ணெய்ப் படலம் அதில்தான் போகும். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. கறுத்த திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். புட்டியில் மூடி வைத்தால் அழுக்கு அடியில் தங்கும், மேல்தெளிவை அடுத்த செயினுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அரை கிலோ பாரஃபின் மெழுகை ஸ்லோ குக்கரில் உருக்குங்கள். அதைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. அடுப்பின் நேரடித் தீயில் மெழுகை வைக்கவே வேண்டாம். 90 டிகிரி சூட்டில் செயினை இறக்கி ஆட்டினால் கண்ணி ஒவ்வொன்றிலிருந்தும் குமிழி வரும். குமிழி நின்றால் மெழுகு உள்ளே போய்விட்டது என்று பொருள். உடனே எடுத்துவிடாதீர்கள், சூட்டோடு எடுத்தால் பாதி மெழுகு வழிந்துவிடும். மேற்பரப்பில் ஓரமாக ஏடு கட்டத் தொடங்கும்வரை ஆறவிட்டு, கம்பியால் தூக்கித் தொங்கவிடுங்கள். ஆறிய செயின் குச்சிபோல விறைத்திருக்கும். துணி காயவைக்கும் மூங்கில் கழியில் சுற்றி இரண்டு பக்கமும் இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் ‘டிக் டிக்’ என்று விடுபடும். முதல் ஐந்து கிலோமீட்டருக்கு கியர் சற்று முரண்டு பிடிக்கும், பயப்பட வேண்டாம்.

உலர்ந்த ஓட்டம் என்றால் 300 கி.மீ. தாங்கும். மழையில் ஒரு மணி நேரம் ஓடினால், அந்த எண்ணை மறந்துவிட்டு மறுபடி மெழுகில் போடுங்கள். காலையில் நனைந்த செயினை அப்படியே சாத்திவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் வெளித்தகடுகளில் ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும். மெழுகு உராய்வைக் குறைக்கும், துருவைத் தடுக்காது. குளிக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் செலவழித்து உலர்ந்த துணியால் இறுக்கிப் பிடித்துச் செயினை ஓடவிட்டால் போதும். இரண்டு செயின்களை மாற்றி மாற்றி ஓட்டுவது இன்னும் நல்லது. ஒன்று நனைந்தால் மற்றதை மாட்டிக்கொண்டு, ஓய்வுநாளில் இரண்டையும் சேர்த்து மெழுகில் போடலாம். அப்படிச் செய்வதானால், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் குவிக்லிங்க்கின் உறையைப் படித்து வாங்குங்கள். ஒரே முறைதான் மாட்டலாம் என்று தயாரிப்பாளர் சொன்ன லிங்க்கைப் பத்து முறை கழற்றி மாட்டுவது ஆபத்து.

தேய்மானத்துக்கு 12 அங்குல இரும்பு அளவுகோல் போதும். ஒரு பின்னின் நடுவில் 0 வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயின் அரை விழுக்காடு நீண்டிருக்கிறது. 11, 12 வேகக் கியர்களுக்கு அதுவே எல்லை. அதற்குமேல் ஓட்டினால் செயின் கேசட்டையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பிறகு புதுச் செயின் மாட்டினாலும் பல்லில் தாவும்.

உப்பு போகும் மற்ற இடங்கள்

மேல் ஹெட்செட் பேரிங் முதலில் போகும். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘கடக்’ என்று குழியில் விழுவது போலிருந்தால் பேரிங் முடிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து, பேரிங்கின் மேலும் கீழும் கிரீஸை வெண்ணெய்போலத் தடவி வைத்தால் இந்த நிலை தள்ளிப்போகும். ஸ்டெம் போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் கிரீஸ் இட்டு, ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் முறுக்கு அளவுக்கே, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

இருக்கையைத் தாங்கும் கம்பமான சீட்போஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுக்க வேண்டும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினியக் கம்பம், இடையில் உப்புத்தண்ணீர் என்றால் இரண்டும் மின்வேதி அரிப்பால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் ஃபிரேமைக் கெடுக்காமல் எடுப்பது அரிது. மழையில் ஓடிய அன்று கம்பத்தைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று தெரியும். அந்தத் தண்ணீர்தான் மிதி அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டில் தேங்கிப் பிறகு மிதிக்கும்போதெல்லாம் ‘கிரீச்’ என்கிறது.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மழையில் மணலோடு சேர்ந்து வேகமாகத் தேயும். பேட் அரை மி.மீ. ஆனதும் மாற்றுங்கள். ஷிமானோ ரோட்டர் (பேட் பிடிக்கும் உலோகத் தட்டு) புதிதில் 1.8 மி.மீ., 1.5 ஆனால் மாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பிரேக்குக்குள் இருக்கும் எண்ணெயில், மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது. டாட் எண்ணெய் உறிஞ்சும், அந்த வகை பிரேக் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். காற்றில் ஒரு துளி ரோட்டரில் பட்டால் பேட் வீண்.

டயர்: 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ.இல் பின்னால் 70, முன்னால் 65 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். சாலை நனைந்திருந்தால் இரண்டிலும் 5 குறைக்கலாம். மழைக்குப் பிந்திய காலையில்தான் பங்சர் கூடும். ஓடும் தண்ணீர் கண்ணாடித் துகளையும் கம்பித் துணுக்கையும் சாலையோரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது, ஈர ரப்பர் எளிதில் அறுபடுகிறது. வீடு திரும்பியதும் டயரை ஈரத்துணியால் ஒரு சுற்று துடைத்தால் புதைந்த துகள் துணியில் மாட்டும். அடுத்த ஓட்டத்தில் உள்ளே இறங்கவிருந்த துகள் அது. மெல்லிய பிளாஸ்டிக்கான டிபியு டியூப் சுருட்டினால் தீப்பெட்டி அளவு, சேடில் பையில் உதிரியாக இரண்டு வைக்கலாம். அதை டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்துப் பார்க்கக் கூடாது, ஊதியபடியே தொளதொளத்துவிடும். வழியில் சிஓ2 குப்பியால் அடித்துத் திரும்பியவர்கள் வீட்டில் அந்த வாயுவை வெளியேற்றிச் சாதாரணக் காற்று அடியுங்கள், வழக்கமான ரப்பர் (பியூட்டைல்) டியூபில் மறுநாளே பாதி இறங்கியிருக்கும்.

எண்களை எப்படிப் படிப்பது

சராசரி வேகத்தை வைத்து முன்னேற்றத்தை அளக்க வேண்டாம். சிக்னல், காற்று, கூட்டம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒற்றை வரிசையில் 5 பேர், இருவர் இணையாகச் சென்றால் 10 பேர் என்பது விதி. அந்த ஐவரில் ஐந்தாவதாக ஒட்டி ஓடுகிறவருக்கு அதே வேகம் மிகக் குறைந்த வாட்டில் கிடைக்கும். அதனால் ‘குழு’ அல்லது ‘தனி’ என்றும் பதிவில் குறித்து வையுங்கள்.

வாட்டையும் துடிப்பையும் சேர்த்துப் படித்தால்தான் உடல் என்ன சொல்கிறது என்று தெரியும். இரண்டு மணி நேரம் ஒரே 180 வாட்டில் ஓடியதாகக் கொள்ளுங்கள். முதல் பாதியில் துடிப்பு 138, இரண்டாம் பாதியில் 150. 180ஐ 138ஆல் வகுத்தால் 1.30, 150ஆல் வகுத்தால் 1.20. எட்டு விழுக்காடு சரிவு. ஐந்துக்குள் இருந்தால் அடித்தளம் நன்று என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் அளவு. ஆனால் இங்கே அந்த எட்டில் ஒரு பகுதி வெப்பத்தாலும் நீர் இழப்பாலும் வருவது. அதைப் பிரித்தறியத்தான் எடைப் பதிவு. கிளம்பும்போது 70.0 கிலோ, திரும்பும்போது 68.6, இடையில் குடித்தது ஒன்றரை லிட்டர் என்றால், இழந்தது 2.9 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். இரண்டு 750 மி.லி. பாட்டில்கள் இவருக்குப் போதவில்லை. நடுவில் எங்காவது நிரப்பியாக வேண்டும், உப்பும் சேர்க்க வேண்டும். ஜெர்சியில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் வெறும் தண்ணீரோடு நிறுத்தக் கூடாது. இதைச் சரிசெய்தபின் அதே ஓட்டத்தில் சரிவு குறைந்தால், குறை காலில் இல்லை, பாட்டிலில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வாட்) சோதனைக்கு 20 நிமிடம் தடையில்லாச் சாலை வேண்டும். தானா மேரா கோஸ்ட் சாலை அதற்குப் பரவாயில்லை. மவுண்ட் ஃபேபர் ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 20 நிமிடச் சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்குங்கள். எப்போதும் ஒரே விடியல் நேரத்தில் செய்யுங்கள். மாலை ஐந்து மணி எண்ணோடு காலை ஆறு மணி எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை.

கருவிகளுக்கும் ஈரம்தான் பகை. ஏர்கான் அறையிலிருந்து வண்டியை வெளியே எடுத்ததும் வாட்டை அளக்கும் பவர் மீட்டரை ஜீரோ செய்யாதீர்கள், பத்து நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகட்டும். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் ஒரு தடவல், பேட்டரி மாற்றும்போதெல்லாம். சைக்கிள் கணினியின் உயரம் மழையில் தாறுமாறாக ஏறினால், பின்பக்கத்து அழுத்தத் துளையில் தண்ணீரோ உப்போ அடைத்திருக்கும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், ஊசி விடாதீர்கள். கெப்பல் மேம்பாலத்துக்கு அடியில் ஜிபிஎஸ் கோடு அங்குமிங்கும் அலையும், ஹப்பில் வேக சென்சர் மாட்டி 28 மி.மீ. டயருக்குச் சுற்றளவு 2136 மி.மீ. என்று கொடுத்தால் தூரம் ஒழுங்காகும். இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையைக் கட்டுமுன் உடலில் படும் மின்முனைப் பகுதியை நனையுங்கள், இல்லாவிட்டால் முதல் சில நிமிடம் துடிப்பைத் தாறுமாறாகக் காட்டலாம். ஓட்டம் முடிந்ததும் அதைக் குளியலறைக்கே எடுத்துப்போய் அலசி, கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்தால் ஈரத்தில் அது இதயத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி சில வாரங்களில் தீரும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குழாய் வைத்துக் கழுவ இடமில்லை என்பது தடையில்லை. மூடியில் துளை போட்ட ஒன்றரை லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, இன்னொரு பாட்டிலில் நல்ல தண்ணீர். ஸ்டெம்மிலிருந்து கீழ்நோக்கி, பேரிங் பக்கம் பீய்ச்சாமல் ஊற்றித் துடைத்தால் ஏழு நிமிடம். தாழ்வாரத்தில் வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விட்டு, சாரல் படாத சுவரோரம் வையுங்கள். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாள் ஐந்தரைக்குக் காய்ந்திருக்கும். ஷூவை மிதியோடு பூட்டும் கிளீட்டின் போல்ட் குழியில் மண் அடைத்திருந்தால் அப்போதே குச்சியால் எடுத்து ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். துருவேறி அந்த அறுகோணக் குழி வழுக்கத் தொடங்கினால், துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.