விடுபட்ட மழையை எதைக் கொண்டு நிரப்புவது? வடக்கின் நீரேந்துகளுக்கு ஓர் ஒப்பீடு

இலங்கையின் வடக்கில் நீரேந்துப் பிரதேச மாதிரி (ஆற்றுக்கோ குளத்துக்கோ நீர் தரும் நிலப்பரப்பில் விழும் மழையில் எவ்வளவு ஓடிவரும் என்று கணிப்பது) செய்ய இறங்குகிறவர்களின் பாதி நேரம் மழைக் கோப்போடுதான் போகிறது. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை பல நிலையங்களில் வருடக்கணக்கில் பதிவே இல்லை. அதற்குப் பிறகும் இங்கே மூன்று நாள், அங்கே இரண்டு கிழமை என்று விடுபட்டிருக்கும். மாதிரி மென்பொருள் ஸ்வாட் (SWAT) ஆனாலும் ஹெக்-எச்எம்எஸ் (HEC-HMS) ஆனாலும் நாளாந்த மழை தொடர்ச்சியாக வேண்டும் என்று அடம்பிடிக்கும். எதையாவது போட்டு நிரப்பத்தான் வேண்டும். எதைப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே முறையை முழுக் கோப்புக்கும் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்த்திகையில் விடுபட்ட நாள் வேறு, சித்திரையில் விடுபட்ட நாள் வேறு, பத்து வருட ஓட்டை முற்றிலும் வேறு.

நிரப்பத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு: கோப்பில் இருக்கும் பூச்சியம் உண்மையில் பூச்சியமா, அல்லது வாசிக்காத நாளைத் தட்டச்சு செய்தவர் பூச்சியமாக்கிவிட்டாரா என்று பார்ப்பது. நவம்பரில் சுற்றியுள்ள நிலையங்கள் எல்லாம் 40, 50 மில்லிமீற்றர் காட்ட, நடுவில் ஒன்று மட்டும் பத்து நாள் 0 காட்டினால் அது மழையில்லாத நாளல்ல. அதேபோல இரண்டு நாள் வெற்றிடம் விட்டு மூன்றாம் நாள் திடீரென 140 வந்தால், அது மூன்று நாள் மழை ஒன்றாக அளக்கப்பட்டதாக இருக்கலாம். அயல் நிலையங்கள் அந்த மூன்று நாளில் காட்டும் விகிதப்படி அந்த 140ஐப் பிரித்துவிடலாம். கீழே வரும் எந்த முறையையும் விட இது நம்பகமானது, ஏனென்றால் மொத்தம் அளந்த மொத்தம்.

திகதியையும் பாருங்கள். இலங்கையில் நாள் மழை காலை 8.30க்கு வாசிக்கப்படுகிறது. 25ஆம் திகதி காலை வாசித்ததில் பெரும்பகுதி 24ஆம் திகதி பெய்தது. ஒரு கோப்பில் வாசித்த திகதியும் இன்னொன்றில் பெய்த திகதியும் இருந்தால், பக்கத்துப் பக்கத்து நிலையங்கள்கூட ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். ஒரு நாள் தள்ளிப் பார்த்தால் இணைபு (correlation) சட்டென்று ஏறும்.

சரி, இப்போது முறைகள்.

அயல் நிலையங்களின் சராசரிதான் எல்லாருக்கும் கைவந்தது. அயல் நிலையங்களின் ஆண்டு வழமை மழை, அதாவது நீண்டகாலச் சராசரி, நம் நிலையத்தோடு 10 வீதத்துக்குள் ஒத்துப்போனால் சாதாரண சராசரி போதும், கூடினால் வழமை விகித முறை என்பது பாடப்புத்தக விதி. 1952இல் போல்ஹஸும் கோலரும் முன்வைத்த முறை இது. பக்கத்து நிலையத்தின் வழமை 300, நம்முடையது 360 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 50 பெய்த நாளுக்கு இங்கே 60 என்று அது மதிப்பிடும். பல அயல்கள் இருந்தால் அவற்றின் மதிப்பீடுகளைச் சராசரியாக்கும். புத்தகம் ஆண்டு வழமையைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக்கு நான் மாத வழமையைத்தான் பரிந்துரைப்பேன். வருடத்தின் 1,200, 1,300 மில்லிமீற்றரில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும் இடத்தில், ஆண்டு விகிதத்தை ஏப்ரல் மழைக்குப் பிரயோகிப்பதில் அர்த்தமில்லை.

தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நிறை கொடுக்கும் முறை மலைநாட்டில் வாங்கும் திட்டை இங்கே வாங்கத் தேவையில்லை. குடாநாட்டில் மலை இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே மழையை மறிக்க எதுவுமில்லை. ஹெக்-எச்எம்எஸ்ஸில் இந்த முறை உள்ளேயே இருக்கிறது, ஒரு நிலையம் விடுபட்ட நேரத்தில் அடுத்த கிட்டிய நிலையத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். வசதிக்கு அதுதான் முதலிடம். வழமை விகிதத்துக்கும் இதற்கும் இடையே முடிவில் பெரிய வித்தியாசம் வரும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான நோய்தான் பெரிது. சராசரி எடுக்கும் எந்த முறையும் மழையைப் பரத்திவிடும். மூன்று அயல் நிலையங்களில் முதல் நாள் ஒன்றில் 90, மறுநாள் இன்னொன்றில் 90, மூன்றாம் நாள் மற்றதில் 90, மற்ற நேரமெல்லாம் பூச்சியம் என்று வையுங்கள். நிரப்பிய நிலையத்தில் மூன்று நாளும் 30, 30, 30 என்று விழும். மொத்தம் 90, பார்க்க அழகாக இருக்கும். இதை, மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடும் வளையி எண் (curve number) முறையில் போடுங்கள்; எண் கூடக்கூட வழிந்தோடுவதும் கூடும். வளையி எண் 70 என்றால் நிலம் பிடித்துவைக்கக்கூடியது சுமார் 109 மில்லிமீற்றர், அதில் ஐந்தில் ஒன்றான 22 மில்லிமீற்றர் தொடக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். 90 ஒரே நாளில் விழுந்தால் வழிந்தோடுவது சுமார் 26 மில்லிமீற்றர். 30 ஆக மூன்று நாள் விழுந்தால் நாளுக்கு 0.6 அளவில், மூன்றும் சேர்ந்து 2ஐக்கூடத் தொடாது. நிலத்தின் ஈரம் ஏறுவதைக் கணக்கில் எடுத்தால் இது கொஞ்சம் கூடும், ஆனாலும் 26க்குக் கிட்ட வராது. மாத மழையில் ஒரு துளி பிழையில்லை, வெள்ளம் மட்டும் காணாமல் போய்விட்டது. அப்புறம் மாதிரியை ஆற்றோடு ஒத்துப்போக வைக்க வளையி எண்ணைத் தாறுமாறாக ஏற்றுவார்கள்.

வடகீழ்ப் பருவமழையில் இந்த நோய் லேசானது. வங்காள விரிகுடாத் தாழமுக்கம் வந்தால் குடாநாடும் வன்னியும் ஒன்றாக நனையும். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி வந்த நாட்களுக்கு அயல் நிலையங்களைத் தாராளமாக நம்பலாம். இடைப்பருவத்து மாலை மழை அப்படியல்ல. சாவகச்சேரியில் கொட்டும்போது கொடிகாமத்தில் தூசி பறக்கும். அந்த மாதங்களுக்குச் சராசரியை விட்டுவிட்டு, கிட்டிய ஒரே நிலையத்தின் பெறுமானத்தை அப்படியே எடுப்பதுதான் என் தெரிவு. அந்தக் குறித்த நாள் பிழைக்கலாம். ஆனால் மழை நாட்களின் எண்ணிக்கையும் கனமழையின் அளவும் இயல்பாக இருக்கும்.

பிற்செலவுச் (regression) சமன்பாடும் இயந்திரக் கற்றலும் இந்தப் பரத்தும் நோயிலிருந்து தப்பியவை அல்ல. இரண்டாவதுக்கு ஊட்டும் அளவுக்கு வடக்கில் நீண்ட பதிவுள்ள நிலையங்களும் இல்லை.

செய்மதித் தரவுக்கு இன்று நல்ல மவுசு. அதில் ஒன்றான சிர்ப்ஸ் (CHIRPS) 1981இலிருந்து சுமார் ஐந்தரை கிலோமீற்றர் கட்டங்களில் கிடைக்கிறது, இலவசம், யாரிடமும் கடிதம் எழுதிக் கேட்கத் தேவையில்லை. யுத்த கால ஓட்டைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் சிர்ப்ஸ் மேகத்தின் குளிர்ச்சியோடு தரை நிலையப் பதிவுகளையும் கலந்து செய்யப்படுவது. தரையில் பதிவில்லாத காலத்தில் அந்தத் திருத்தமும் மெலிந்துபோகும். அதோடு அது அடிப்படையில் ஐந்து நாள் மொத்தம். நாளாந்தம் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இன்னொரு செய்மதித் தரவான ஐமெர்க் (IMERG) அரை மணிக்கு ஒன்று என்பதால் நம் 8.30க்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம், அது பெரிய வசதி. ஆனால் ஒரு கட்டம் 11 கிலோமீற்றர் அளவு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை வழியே அராலிக்கு வரும் வழுக்கையாற்றின் நீரேந்து ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும், அந்தக் கட்டத்திலும் கடல்நீரேரியும் கடலும் கலந்திருக்கும். கனகராயன் ஆறு போல வன்னிக்குள் நீண்டு இரணைமடுவுக்கு வரும் நீரேந்துக்கு நிலைமை பரவாயில்லை. அங்கே மாதச் சமநிலைக்கு, நிலையப் பதிவோடு ஒப்பிட்டு மாதவாரியாகத் திருத்திய செய்மதி மழையை நான் ஏற்பேன். வெள்ள உச்சத்துக்கு ஏற்கமாட்டேன்.

கடைசித் தெரிவு ஸ்வாட் தானே தருவது. -99 என்று போட்டுவிட்டால் உள்ளிருக்கும் வானிலை உருவாக்கி அந்த மாதத்தின் புள்ளிவிவரப்படி மழையை உண்டாக்கும். சோம்பேறிக்குச் சொர்க்கம். மாதத்துக்கு எத்தனை மழை நாள், எவ்வளவு கனம் என்பதெல்லாம் ஏறக்குறைய சரியாக வரும், எந்த நாள் என்பது மட்டும் வராது. எதிர்கால நிலைமைகளை ஓட்டிப் பார்க்க நல்லது. அளந்த ஆற்றோட்டத்தோடு ஒப்பிட்டுச் சீராக்கும் காலப்பகுதியில் இதை அனுமதிப்பது, பரீட்சை விடைத்தாளில் வேறொருவர் சுட்டெண்ணை எழுதுவது மாதிரி.

யுத்த காலத்து நீண்ட ஓட்டையை என்ன செய்வது? நிரப்பாமல் விடுவது என்பதையும் ஒரு முறையாக எண்ண வேண்டும். ஆற்றோட்டப் பதிவும் இல்லாத வருடங்களுக்கு மழையை மட்டும் நிரப்பிச் சீராக்கலுக்கு எந்த லாபமும் இல்லை. 2010க்குப் பிந்திய காலத்தில் சீராக்கி, ஓட்டைக்கு முந்திய துண்டில் சரிபார்ப்பது நேர்மையானது. நீண்டகாலப் போக்குத்தான் வேண்டும் என்றால் கடலுக்கு அப்பாலும் பாருங்கள். காங்கேசன்துறைக்குக் கோடியக்கரை அறுபது கிலோமீற்றருக்குள். வவுனியா அதைப்போல் இரு மடங்கு தூரம். தாழமுக்க நாட்களில் நாகப்பட்டினம் கரையோரப் பதிவு, வவுனியாவை விட நல்ல அயலாக இருக்க இடமுண்டு.

எதை எடுத்தாலும் உங்கள் நிலையத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். பதிவு முழுமையாக உள்ள ஒரு நவம்பரையும் ஒரு ஏப்ரலையும் வேண்டுமென்றே மறைத்து, ஒவ்வொரு முறையாலும் நிரப்புங்கள். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் எல்லா முறையும் சித்தியடைந்துவிடும். மழை நாட்களின் எண்ணிக்கை, ஆகக்கூடிய ஒரு நாள் மழை, 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட நாட்கள், இந்த மூன்றையும் பாருங்கள். கோப்பில் ஒரு நிரலை ஒதுக்கி, எந்த நாள் அளந்தது, எந்த நாள் எதனால் நிரப்பியது என்று குறித்தும் வையுங்கள். அடுத்து அந்தக் கோப்பை வாங்குகிறவர் நீங்கள் நிரப்பிய 30ஐ அளந்த 30 என்று நினைத்து, அதிலிருந்து இன்னொரு நிலையத்தை நிரப்பிவிடுவார்.