ஆறடிக் காலவரிசைப் படமும் ஒன்பது அங்குல வெற்றிடமும்

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் கண் சும்மா இருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழையைத்தான் தேடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்காக 650 ரூபாய் கொடுத்து வாங்கிய சுவர்ப்படம் இது. சிறிய பதிப்பகம், முதல் முயற்சி போலத் தெரிகிறது. அதனால் பெயரை விட்டுவிடுகிறேன், பிழைகளை விடப்போவதில்லை.

படம் ஆறடி நீளம், இரண்டடி அகலம். மேல் வரிசையில் ஐரோப்பா, கீழ் வரிசையில் ஜப்பான். 1000 முதல் 1600 வரை, நூறு ஆண்டுக்கு ஓர் அடி. அடிக்கோலை வைத்து அளந்தே பார்த்துவிட்டேன், எங்கும் ஏமாற்றவில்லை. இந்த மாதிரிப் படங்களில் இடத்துக்குத் தகுந்தபடி நூற்றாண்டை இழுப்பார்கள், சுருக்குவார்கள். அதைச் செய்யாததற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

இரண்டு வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்ப்பதில் தனி ருசி இருக்கிறது. 1192ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே, மூன்றாம் சிலுவைப்போர் முடிந்து சிங்க நெஞ்சன் ரிச்சர்டும் சலாவுதீனும் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ரிச்சர்ட் ஊர் திரும்பும் வழியில் வியன்னா அருகே பிடிபடுகிறார். நேர் கீழே, மினமோட்டோ யோரிடோமோ ஷோகுன் என்ற படைத்தலைவர் பட்டம் பெறுகிறார். தனித்தனிப் பாடமாகப் படித்திருந்தால் இவை இரண்டும் ஒரே வருடம் என்று எனக்குத் தோன்றியே இருக்காது.

இன்னும் மூன்றரை அங்குலம் நகர்ந்தால் 1221. மேல் வரிசையில் அதற்குச் சற்று முன்புதான், 1215இல், இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் மன்னரை மடக்கி மாக்னா கார்ட்டாவுக்கு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள். போப்பாண்டவர் இன்னொசென்ட் சில வாரங்களிலேயே அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். கீழே ஜப்பானிலோ, காமகுராவில் இருந்த ஷோகுன் ஆட்சியை ஒழிக்கப் படை திரட்டிய ஓய்வுபெற்ற பேரரசர் கோ-டோபாவைத் தோற்கடித்து ஓகி தீவுக்கு நாடு கடத்திவிட்டார்கள். அங்கே மன்னரின் கையைக் கட்ட ஒரு பத்திரம் தேவைப்பட்டது. இங்கே ஒரு படகு போதுமானதாக இருந்தது. படத்தில் ஜான் இறகுப் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார். அவர் கையெழுத்துப் போடவில்லை, முத்திரைதான் வைக்கப்பட்டது. ஓவியரை மன்னிக்கலாம், சரிபார்த்தவரை மன்னிக்க முடியாது.

மொழிபெயர்ப்பில் என்னை அதிகம் எரிச்சலூட்டியது, 'ஷோகுன்' வரும் இடமெல்லாம் 'ஜப்பானிய அரசர்' என்று போட்டிருப்பது. பேரரசர் கியோட்டோவில் இருந்தார். அதிகாரம் காமகுராவில் இருந்தது. அந்த இரட்டை ஏற்பாடு புரியாவிட்டால் கீழ் வரிசையில் பாதி புரியாது. ஷோகுன் என்றே விட்டிருந்தால் போதும், சாமுராயை அப்படித்தானே விட்டிருக்கிறார்கள்?

மங்கோலியர் படையெடுப்புக்கு ஒரே வரி: 'புயல் ஜப்பானைக் காப்பாற்றியது.' 1274, 1281 என்று இரண்டு முறை வந்தார்கள். இடையில் 1276இல் ஹகாட்டா விரிகுடாவில் கல்மதில் கட்டியதைக் காணோம். அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. போரில் சேவை செய்த வீரனுக்கு நிலம் தர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வந்தவனை விரட்டியதில் ஒரு காணி நிலமும் கைக்கு வரவில்லை. பிறகு எதைப் பங்கு வைப்பது? டகேசாகி சுஎனாகா என்ற வீரர் காமகுராவுக்கே நேரில் போய் வாதாடித் தன் வெகுமதியைப் பெற்றார், தான் போரிட்ட கதையைப் படச்சுருளாகவும் வரையச் செய்தார். எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. அந்த மனக்குறையும் சேர்ந்துதான் 1333இல் காமகுராவைக் கவிழ்த்தது. இந்தக் கதை தெரிந்தால் நிலமானிய முறை என்றால் என்ன என்று பேத்திக்கு நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தாளைப் பற்றி: பளபளப்பான ஆர்ட் பேப்பர், கனமும் போதுமானது, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கின்றன. ஆனால் குழலில் சுருட்டி அனுப்ப வேண்டியதை ஐந்து மடிப்பாக மடித்து பிளாஸ்டிக் உறையில் திணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் நூற்றாண்டு முடியும் இடத்தில் விழுகிறது. முதல் மடிப்பில் மை வெடித்து, சிலுவைப் படை எருசலேமைப் பிடித்த 1099, இப்போது '10 9' என்று நிற்கிறது.

அடுத்து, என் பழைய முதலாளியாக இருந்தால் சம்பளத்தில் பிடித்திருக்கக்கூடிய பிழை. ஓனின் போர் '1476–1477' என்று அச்சாகியிருக்கிறது. 1467 என்பதில் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. வாரிசுச் சண்டையில் தொடங்கிக் கியோட்டோவையே எரித்த பத்து வருடப் போர் ஒரே வருடத்தில் முடிந்துவிட்டது. மேல் வரிசையில் இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள், 1455 முதல் 1485 வரை, சிவப்பும் வெள்ளையுமாக நீண்டு கிடக்கின்றன. இரண்டும் ஒரே காலத்து வாரிசுச் சண்டை என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. எண்பிழை அதைக் கெடுத்துவிட்டது.

அதற்கு இடப்பக்கம் 1392 முதல் 1467 வரை, ஒன்பது அங்குலம், கீழ் வரிசையில் ஓர் எழுத்து இல்லை. செர்ரிப் பூக்கிளை ஒன்றை வரைந்து நிரப்பிவிட்டார்கள். மேலே 1381இன் இங்கிலாந்து உழவர் கிளர்ச்சிக்கு அதன் தலைவர் வாட் டைலரோடு படம் போட்டவர்களுக்கு, 1428இல் ஜப்பானில் வண்டிக்குதிரை ஓட்டிகளும் உழவர்களும் கடனை ரத்து செய்யச் சொல்லி வட்டிக்கடைகளைத் தாக்கிக் கடன்பத்திரங்களைக் கிழித்தது தெரியவில்லை. நாரா அருகே யாக்யூவில், இதற்கு முந்தைய கடன் எதுவும் இல்லை என்று பாறையில் செதுக்கி வைத்தார்கள், அது இன்றும் இருக்கிறது. 1441இல் ஷோகுன் யோஷினோரி, விருந்துக்குப் போன வீட்டில் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டையும் பூக்களுக்கு நடுவே பென்சிலால் எழுதிவிட்டேன். வாளும் பூவும் மட்டும்தான் ஜப்பான் என்று பேத்தி நினைத்துவிடக் கூடாது.

1549இல் 'ஒரு பாதிரியார் ககோஷிமாவில் இறங்கினார்' என்கிறது படம். தூத்துக்குடியில் இருக்கும் நான் இதை எப்படி விடுவேன்? அவர் பிரான்சிஸ் சவேரியார். ஜப்பானுக்குப் போவதற்கு முன், 1542 முதல் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக நடந்தவர். அவர் பெயரையும் பென்சிலால் எழுதினேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்த பிறகுதான் பேத்தி படத்துக்கு அருகில் வந்து நின்றாள்.

குறைகளை எழுதி அனுப்பியதும் பதிப்பகத்தார் மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல் இன்னொரு பிரதி அனுப்பினார்கள். இந்த முறை குழலில் சுருட்டி வந்தது. 1099 முழுதாக இருக்கிறது. ஓனின் போர் இன்னும் 1476தான். அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டி, எண்ணின் மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டி 1467 என்று எழுதியாயிற்று. ஒன்பது அங்குலத்தைத்தான் இனி மறுபடி எழுத வேண்டும். ஐந்துக்கு மூன்றரை.