ஒரு வீடியோ எடிட்டருக்காக வீட்டுச் சாவியவே கொடுத்திருக்கேன்

உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் யூஸ் பண்றவங்க கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. "லினக்ஸ்ல ஏதுப்பா வைரஸு"ன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சவன் எழுதுறேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு வீடியோ எடிட்டரோட புது வெர்ஷன் வேணும்னு தனி ஆள் ஒருத்தர் நடத்துற ரெப்போவ (சாஃப்ட்வேரும் அப்டேட்டும் இறங்குற சர்வர்) சேர்த்தேன். காப்பி, பேஸ்ட், பாஸ்வேர்டு, வேலை முடிஞ்சுது, அது இருக்கறதையே மறந்துட்டேன். உபுண்டு 22.04 வெர்ஷன்லேர்ந்து 24.04க்கு மாறுறப்ப வெளி ரெப்போன்னு உபுண்டுவே அதை ஆஃப் பண்ணி வச்சுச்சு, நான்தான் பெரிய புத்திசாலியாட்டம் திரும்ப டிக் போட்டேன்.

போன மாசம் ஒரு அப்டேட். அன்னிலேர்ந்து சும்மா வச்சிருந்தாலே ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது. ஓடுறதையெல்லாம் லிஸ்ட் போடுற பிஎஸ் கமாண்ட் போட்டுப் பாத்தா கேவொர்க்கர்னு ஒண்ணு சிபியூவ முழுசா தின்னுட்டு இருக்கு. லினக்ஸோட மையமான கெர்னலோட வேலைதான்னு விட்டிருப்பேன், ஆனா நெஜ கேவொர்க்கர் அந்த லிஸ்ட்ல சதுர அடைப்புக்குள்ளதான் வரும், இதுக்கு அடைப்பே இல்ல. நோண்டுனா வார் டெம்ப் ஃபோல்டர்ல ஒரு ஃபைல், அதை ஓட்டிவிட, நேரம் பாத்து வேலைய தானா ஓட்டுற க்ரான்ல ஒரு வரி. எந்த ஃபைல் எந்த பேக்கேஜோடதுன்னு சொல்ற டிபிகேஜி கிட்ட யாருதுன்னு கேட்டா எந்த பேக்கேஜும் சொந்தம் கொண்டாடல. கடைசியில அந்த எடிட்டரோட இன்ஸ்டால் ஆனதும் தானா ஓடுற போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட தொறந்தா, கீழ நாலே நாலு வரி, கர்ல்ங்கற டவுன்லோட் கமாண்ட் போட்டு அந்த ஃபைல இறக்கி ரூட்டா, அதாவது முழு அதிகாரத்தோட, ஓட்டியிருக்கு.

ரெப்போ நடத்துறவருக்கு மெயில் போட்டேன். "நான் போன வருஷமே வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சிட்டேன், எனக்கு சம்பந்தம் இல்ல"ன்னு ரெண்டு வரி பதில், ஒரு சாரி கூட இல்ல. யாருகிட்ட ஒப்படைச்சாருன்னு கேட்டதுக்கு பதிலே காணோம்.

அனுப்புனது அந்த ரெப்போதானான்னு பாக்கற ஜிபிஜி கையெழுத்து செக் ஆகுமேன்னு கேப்பீங்க. ஆச்சு, பக்காவா ஆச்சு. பார்சல யாரு கட்டுனான்னுதான் அது சொல்லும், உள்ள என்ன இருக்குன்னு சொல்லாது. அதுலயும் அந்த ரெப்போ எடிட்டர மட்டும்தான் தரும்னு இல்ல, பெரிய வெர்ஷன் நம்பர் போட்டு சிஸ்டத்தோட பாதுகாப்பு லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்ல அனுப்புனாலும், இன்ஸ்டால் பண்ற ஆப்ட் பாட்டுக்கு வாங்கி வச்சிக்கும்.

கை மாறுற கதை புதுசும் இல்ல. 2018 ஜூலைல ஆர்ச் லினக்ஸ்ல யூசருங்களே பேக்கேஜ் போடுற ஏயூஆர்ல அனாதையா கெடந்த ஆக்ரோரீட்ங்கற பிடிஎஃப் ரீடர் பேக்கேஜ ஒருத்தன் எடுத்து இதே கர்ல் வேலையத்தான் பண்ணான். ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் சைட்லேர்ந்து 2020-22ல சிலருக்கு போலி டெப் ஃபைல் (உபுண்டு மாதிரி சிஸ்டத்துக்கான இன்ஸ்டால் ஃபைல்) போச்சு, அங்கயும் வார் டெம்ப், அங்கயும் க்ரான், 2023ல ஆன்ட்டிவைரஸ் கம்பெனி காஸ்பர்ஸ்கி சொல்ற வரைக்கும் வெளிய பெருசா தெரியல. ஸ்டோர்ல எடுத்தா சேஃப்னும் சொல்ல முடியாது, 2024ல உபுண்டுவோட ஸ்னாப் ஸ்டோர்ல இருந்த போலி எக்ஸோடஸ் வாலட்ட நம்பி ஒருத்தர் 9 பிட்காயின் விட்டாரு.

ரெப்போவ தூக்கிட்டா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, ரூட்டா ஓடுனது என்னென்ன பண்ணுச்சுன்னு யாருக்குத் தெரியும். நான் டிஸ்க்க அழிச்சு புதுசா போட்டேன், பாஸ்வேர்டு, சர்வர்ல லாகின் பண்ற எஸ்எஸ்எச் கீ எல்லாத்தையும் வேற மெஷின்லேர்ந்து மாத்துனேன். ஆப்ட்டோட சோர்சஸ் லிஸ்ட் ஃபோல்டர இன்னிக்கே தொறந்து பாருங்க, எதுக்கு சேர்த்தோம்னே ஞாபகம் இல்லாதது ரெண்டாவது இருக்கும்.

மச்சான் லேப்டாப்புக்கும் இதே ரெப்போவ போட்டுக் குடுத்தது நான்தான். அவரு அதுலதான் நெட்பேங்கிங் பண்றாரு, இன்னும் விஷயத்த சொல்லல, ஞாயித்துக்கெழம புதுசா போட பென்டிரைவோட போறேன்.