கறுப்புத் தோலைக் காட்டி விற்ற பொலிகாளை: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தூய ஆங்கஸ் இனம் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட பொலிகாளை (பசுக்களோடு சேர்க்க விடும் காளை) தூய ஆங்கஸ் அல்ல. சொன்ன வயது பொய், காட்டிய எடை பொய், கையில் கொடுத்த பதிவுச் சான்றிதழ் வேறொரு காளையுடையது. இறைச்சி மாடு வளர்ப்பவர்களில் யாரேனும் பொலிகாளைக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் மந்தையில் இருப்பவை கொம்புள்ள ஹெரிஃபோர்டு பசுக்கள். அவற்றோடு சேர்க்க எந்த இனம் என்று நிறைய யோசித்தேன். வளர்ச்சி வேகத்தில் ஷாரோலேயும் சிம்மென்டாலும் முன்னால் நிற்கும். ஆனால் ஷாரோலே கன்று பிறக்கும்போதே கனமாக இருக்கும். தலைச்சன் ஈற்றுக் கிடேரிகள் திணறிவிடும். ஆங்கஸ் கன்று சிறிதாகப் பிறக்கும், சீக்கிரமே கொழுப்பேறும், இறைச்சியில் கொழுப்பு இழைகள் நன்றாகப் படரும். அதற்கும் ஹெரிஃபோர்டுக்கும் பிறக்கும் கன்றுகள் கறுப்பு உடல், வெள்ளை முகம், கொம்பில்லாத தலை என்று அச்சில் வார்த்ததுபோல் வரும். அந்த ஒருமைப்பாட்டுக்கே சந்தையில் தனி மதிப்பு உண்டு.

விற்றவர் காட்டிய காளை பார்ப்பதற்கு அருமையாக இருந்தது. பளபளக்கும் கறுப்பு, அகன்ற முதுகு, வழுவழுப்பான உச்சந்தலை. வயது 15 மாதம் என்றார். தன் எடைமேடையில் ஏற்றி 500 கிலோ காட்டினார். அப்படியென்றால் பிறந்த எடை போக, நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வளர்ந்திருக்கிறது. மிக நல்ல கணக்கு. விலையும் அந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் சொன்னார்.

என் இடத்துக்கு வந்த காளை, பயணக் களைப்பு தீர்ந்து வழக்கமான தீவனத்துக்குத் திரும்பிய பிறகும் 460 கிலோவைத் தாண்டவில்லை. எடை போடுவதற்கு முன் உப்பை நக்கவிட்டு வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவது பழைய வேலை. குடித்த ஒவ்வொரு லிட்டரும் மேடையில் ஒரு கிலோ. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, விந்துப் பரிசோதனைக்கு வந்த கால்நடை மருத்துவர் கீழுதட்டை விலக்கிக் காட்டியபோதுதான். நடுவில் இரண்டு நிலைப்பற்கள், அதாவது பால்பல் விழுந்த இடத்தில் முளைப்பவை, முழுதாக வளர்ந்திருந்தன. அவற்றுக்கு இருபுறமும் அடுத்த ஜோடி ஈறைக் கிழித்து வெளியே வந்துகொண்டிருந்தது. முதல் ஜோடி பொதுவாக 18 முதல் 24 மாதத்துக்குள் முளைக்கும், இரண்டாவது ஜோடி அதற்குப் பிறகுதான். 24 மாதம், 460 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் தினசரி வளர்ச்சி 600 கிராம்கூட இல்லை. எடையில் சொன்ன பொய்யைவிட வயதில் சொன்ன பொய்தான் கொடியது. தாமதமாக வளர்கிற ஒன்றை வேகமாக வளர்கிற ஒன்றாகக் காட்டுவது அதுதான்.

காளையைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "சிலதுக்குப் பல் முன்னாலேயே விழும் ஐயா, இனத்தில் சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லி மறுத்துவிட்டார். பசுக்களின் பருவமும் நெருங்கிவிட்டதால் அந்தக் காளையையே விட்டேன்.

கன்றுகள் பிறந்ததும் இனத்தின் உண்மையும் தெரிந்தது. கறுப்பும் சிவப்புமாக வந்தன. சிவப்பை மட்டும் வைத்து நான் சண்டைக்குப் போகவில்லை. தூய ஆங்கஸ் காளையிலும் சிவப்பு மறைந்திருக்கலாம். ஆனால் கொம்பு? கொம்பின்மை ஓங்கு பண்பு, அதாவது தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கன்றில் வெளிப்படும். தூய ஆங்கஸுக்கு இரு பக்கத்திலிருந்தும் அதுவே வந்திருக்கும். அதற்கும் கொம்புள்ள ஹெரிஃபோர்டுக்கும் பிறக்கிற கன்றுக்கு உண்மையான கொம்பு முளைக்கவே கூடாது.

என் கன்றுகள் சிலவற்றின் தலையில் குருத்து தெரிந்தது. "அது கொம்பில்லை, தோலில் தொங்கும் பொய்க்கொம்பு" என்று விற்றவர் சாதித்தார். இளங்கன்றில் கொம்புக் குருத்தும் தோலோடு சேர்ந்து அசையும். ஏறத்தாழ இரண்டு மாதம் ஆன பின்புதான் மண்டையெலும்போடு ஒட்டும். அதனால் பொறுத்திருந்து, நான்காவது மாதத்தில் கன்றுகளைக் கட்டிப் பிடித்து, மயிரை விலக்கி, அடியில் விரல் கொடுத்து அசைத்துப் பார்த்தேன். பொய்க்கொம்பாக இருந்தால் ஆடும். எட்டுக் கன்றுகளில் துளியும் ஆடவில்லை.

கறுப்பு நிறத்தை நம்பி யாரும் இனத்தைத் தீர்மானிக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1978-இல் தொடங்கிய 'சர்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்' என்ற இறைச்சித் தரச்சான்றுத் திட்டம், உடலில் பெரும்பகுதி கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை முதல் தகுதியாக வைத்தது. கறுப்புக்கு விலை கூடியதும் அங்குள்ள சிம்மென்டால், லிமூசின் வளர்ப்போர் ஆங்கஸ் இரத்தத்தைச் சேர்த்துத் தங்கள் மாடுகளையும் கறுப்பாக, கொம்பில்லாமல் ஆக்கிக்கொண்டார்கள். ஹோல்ஸ்டீன் கலப்பும் கறுப்பாகவே வரும். இந்தக் கலப்பினங்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. கொழுக்க வைத்து விற்பதற்கு அவற்றில் பல மிக நல்லவை. ஆனால் பொலிகாளையாகக் கலப்பினத்தை விட்டால் கன்றுகள் ஆளுக்கொரு விதமாக வரும். மொத்தமாக எடுத்துக்கொள்ள இசைந்திருந்த வியாபாரி என் கன்றுகளைப் பார்த்ததும் கறுப்பு தனி, சிவப்பு தனி, கொம்புள்ளது தனி என்று பிரித்துவிட்டார். கொம்புள்ளவை வண்டியில் ஒன்றையொன்று குத்தி இறைச்சியில் காயம் படும் என்று விலையைக் குறைத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

சான்றிதழைப் பதிவுச் சங்கத்துக்கு அனுப்பிக் கேட்டேன். அந்த எண்ணுக்குரிய காளை வேறு. என்னிடம் இருப்பதன் காதுக்குள் குத்தப்பட்டிருந்த எண் மங்கலாக இருந்தது. கறுத்த காதில் அப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அது ஏற்கத்தக்க காரணமே அல்ல. கறுத்த காதில் தெரிவதற்காகத்தான் பச்சை மையில் குத்துகிறார்கள். காதை ஈரத்துணியால் துடைத்து, பின்புறம் டார்ச் வெளிச்சம் பிடித்தால் எண் தெரியும். வால் மயிரை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், பெற்றோர் சான்றிதழில் உள்ளவைதானா, கொம்பின்மை இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறதா என்பது இரண்டும் தெரிந்துவிடும். அந்த முடிவு வரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எடையை வேறொருவர் மேடையில், இரவு முழுதும் வெறும் வயிற்றில் நிறுத்தி, காலையில் போடச் சொல்லுங்கள்.

அந்த மனிதர் இன்றுவரை ஒரு காசும் திருப்பித் தரவில்லை. என் காளைக்கு உடன்பிறப்பு என்று சொல்லி இன்னும் மூன்று காளைகளை இப்போது விற்பனைக்கு நிறுத்தியிருக்கிறார். மூன்றும் நல்ல கறுப்பு, மூன்றுக்கும் கொம்பில்லை.