பெரிய பேட்டரி வாங்கி ஏமாந்தேன்: நான்கு வருட வேப் அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அதை விடுவதற்காக வேப்புக்கு, அதாவது நிகோட்டின் கலந்த லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்டுக்கு வந்தேன், வந்து நான்கு வருடம் ஆகிறது. சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். நிகோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் ஆளைப் பிடித்துக்கொள்ளும். சில நாடுகளில் இதற்குத் தடையும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது அவரவர் பொறுப்பு. ஏற்கெனவே சிகரெட்டிலிருந்து இதற்கு மாறிவிட்டு, "மத்தியானத்துக்குள்ளேயே சார்ஜ் தீர்ந்துபோகிறது" என்று புலம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தீர்ந்தால் என்ன, மறுபடி சார்ஜ் போட்டால் போயிற்று என்று தோன்றலாம். சிகரெட்டை விட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது அவ்வளவு லேசான விஷயமில்லை. மாறிய இரண்டாவது மாதம், இரவுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இறங்கி, கருவியை எடுத்து வாயில் வைத்து இழுத்தால், அதன் நுனி விளக்கு பத்து முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. பக்கத்தில் ஒருவர் தம் அடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "இந்தாங்க தம்பி" என்று பாக்கெட்டை நீட்டினார். "வேணாம்ணே, விட்டுட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை அதற்குள் நீண்டுவிட்டது. ஏழு வாரம் கழித்து முதல் சிகரெட். வாயும் கசந்தது, மனசும் கசந்தது. ஊர் திரும்பியதும் பேட்டரி விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அன்று கையில் இருந்தது விரல் நீளத்துக்கு ஒல்லியான பாட் கருவி. லிக்விட் இருக்கும் சின்னக் குப்பியைத்தான் பாட் என்பார்கள், கழற்றி மாட்டலாம். பட்டன் கிடையாது, இழுத்தால் தானே ஓடும். உள்ளே 400 எம்ஏஎச் பேட்டரி (எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 இழுப்பு தேவைப்படும் காலம் அது. காலையில் நிறைய சார்ஜோடு கிளம்பினால் மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கு சிவப்பாகிவிடும். பேட்டரி இறங்க இறங்க புகையும் மெலிந்துகொண்டே போகும். மலிவான பாட்கள் பலவற்றில் இப்படித்தான், மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று இருக்காது, பேட்டரி கொடுப்பது அப்படியே காயிலுக்கு, அதாவது லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச் சுருளுக்குப் போகும். புகை மெலிந்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் நீளமாக இழுப்போம். மிச்சம் இருப்பதும் சீக்கிரம் காலி.

இன்னொரு தொல்லை கசிவு. பாட்டைக் கழற்றினால் அடியில் லிக்விட் பிசுபிசுவென்று தேங்கி நிற்கும். அது காற்றழுத்தத்தை உணரும் சென்சாருக்குள் இறங்கிவிட்டால், யாரும் இழுக்காமலேயே கருவி தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒருநாள் மேசைமேல் வைத்திருந்தது சிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு புகை விட்டது. அதற்கப்புறம் தினமும் இரவு பாட்டைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். பட்டன் உள்ள கருவிக்கு மாறினால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பட்டனை ஐந்து முறை தட்டினால் அணைந்துவிடும், பையில் கிடக்கும்போது தானாக அழுந்திச் சூடாகாது.

எட்டு மாதத்தில் அந்தக் கருவியின் பேட்டரி காலை பதினொரு மணியைத் தாண்டுவதே பெரும்பாடு ஆகிவிட்டது. காரணம் அப்போது புரியவில்லை. லித்தியம் அயான் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கியதும் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சின்னப் பேட்டரியை தினம் இரண்டு முறை ஏற்றினேன். எட்டு மாதத்தில் 480 முறை. பேட்டரி சின்னதாக இருந்தால் அன்றைக்கு மட்டும் தொல்லை இல்லை, அது கிழடு தட்டுவதும் சீக்கிரம்.

சரி, பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்று அடுத்து வாங்கியது இரண்டு 18650 செல் போடும் பெட்டிக் கருவி. பெயரில் இருக்கும் எண் வேறொன்றுமில்லை, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். செல் ஒவ்வொன்றும் 3000 எம்ஏஎச். பழையதைவிட 15 மடங்கு பெரிய பேட்டரி, இனி ஒரு வாரத்துக்குச் சார்ஜரைத் தேட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே திரையில் பேட்டரிப் படம் காலி.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம் என்றுகூட இருந்தேன். நல்லவேளை, அதற்குமுன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதை 3600-ஆல் பெருக்கினால் வாட்-விநாடி. உங்கள் கருவி எத்தனை வாட்டில் ஓடுகிறது, ஓர் இழுப்பு எத்தனை விநாடி என்பதைப் பெருக்கி, வாட்-விநாடியை அதனால் வகுத்தால் இழுப்புகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

ஒல்லிப் பாட்: 400 எம்ஏஎச் என்றால் 1.48 வாட்-மணி. 10 வாட், 3 விநாடி. கணக்குப்படி சுமார் 177 இழுப்பு.

பெட்டிக் கருவி: இரண்டு செல்லும் சேர்ந்து 22.2 வாட்-மணி. ஆனால் அதன் காயிலின் மின்தடை 0.2 ஓம், ஓடியது 70 வாட்டில். அதில் நுரையீரல் வரை நேராக இழுக்க வேண்டும், ஓர் இழுப்பு 4 விநாடி. கணக்கு 285 இழுப்பு.

15 மடங்கு பேட்டரிக்குக் கிடைத்தது ஒன்றரை மடங்கு இழுப்புதான். அதுவும் காகிதக் கணக்கு. சுற்றில் போகும் இழப்பு, 3.2 வோல்ட் பக்கத்தில் கருவியே நிறுத்திக்கொள்வது எல்லாம் சேர்ந்தால் கையில் கிடைப்பது இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். லிக்விட் கதை தனி. ஒல்லிப் பாட் கருவியில் ஒரு நாளைக்கு இரண்டு மில்லி செலவானது, இதில் பத்தைத் தாண்டியது. இரண்டு செல்லையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒன்றாகவே ஏற்றி, ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும், பழசையும் புதுசையும் கலக்கக் கூடாது. கால்சட்டைப் பையில் போட்டால் இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். ஐந்து மாதம் அதோடு குடித்தனம் நடத்திவிட்டு நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்குப் புகைமூட்டம் பிடிக்கும், சந்தோஷமாக வைத்திருக்கிறான்.

எனக்குப் பிடித்ததோ சிகரெட் மாதிரி வாயில் ஒரு கணம் நிறுத்தி அப்புறம் உள்ளே விடும் இழுப்பு. எம்டிஎல் என்பார்கள். அதற்கு 0.8 ஓம் காயில், 12, 13 வாட் போதும். ஆகவே மூன்றாவதாக, 18650 செல் ஒன்று மட்டும் போடும் கருவி, செல்லைக் கழற்றி மாற்றக்கூடியது, வாட்டை நானே குறைக்கக்கூடியது என்று தேடிப் பிடித்தேன். இதுதான் இன்றுவரை ஓடுகிறது. 3000 எம்ஏஎச், 13 வாட், 3 விநாடி. கணக்குப்படி ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். நிஜத்தில் எண்ணூறை ஒட்டி வருகிறது, கருவியிலேயே இழுப்புகளை எண்ணும் வசதி இருப்பதால் பார்த்துக்கொள்ள முடிகிறது. பெட்டிக் கருவியில் பாதி பேட்டரி, மூன்று மடங்குக்கும் மேல் இழுப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை செல்லை மாற்றுகிறேன். இரண்டு செல்களை மாற்றி மாற்றிப் போடுவதால் ஒவ்வொன்றும் வருடத்துக்கு அறுபது முறைதான் ஏறி இறங்குகிறது. இரண்டு வருடம் கழித்தும் புதிதாக வாங்கியபோது கொடுத்ததற்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளேயே பேட்டரி பொருத்திய கருவியா, செல் மாற்றும் கருவியா என்று கேட்டால் நான் இரண்டாவது பக்கம்தான். கூடுதல் செல் ஒன்றின் எடை ஐம்பது கிராமுக்குள். அன்று பேருந்தில் அது இருந்திருந்தால் ஐந்து விநாடி வேலை. ஆனால் செல்லை மதிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம். செல் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் பலவும், பாதுகாப்புச் சுற்று இல்லாத தனிச் செல்லை வேப்பில் போடாதீர்கள் என்றுதான் எச்சரிக்கின்றன. நானும் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடுதல் செல்லை அப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், அதில் வீட்டுச் சாவியும் கிடந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே தொடையில் சுரீர் என்றது. கையை விட்டால் சாவியைத் தொட முடியவில்லை. பையை அப்படியே வெளியே இழுத்து உதறினேன், செல் தரையில் உருண்டது. புகையவில்லை, வெடிக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். செல்லின் மேல் முனையில் இருக்கும் சின்ன மொட்டு மட்டும்தான் நேர்முனை. மற்றபடி உடம்பு முழுக்க எதிர்முனை. இரண்டையும் பிரிப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும். உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் அந்தச் செல்லைப் போடாதீர்கள். புது உறை தனியாகவே கிடைக்கிறது, மாட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். கூடுதல் செல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டாயம்.

செல் வாங்கும்போது பேட்டரி ஆயுளை நீட்டும் இன்னொரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரே அளவுள்ள செல்லில் கொள்ளளவைக் கூட்டினால், பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் குறையும். சாம்சங்கின் 18650 செல்களில் 25ஆர் என்பது 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர். 30க்யூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். 35இ 3500 எம்ஏஎச், ஆனால் 8 ஆம்பியர்தான். ஒற்றைச் செல் கருவியை 60 வாட்டில் ஓட்டினால், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 19 ஆம்பியர் பக்கம் உறிஞ்சும். அதில் 35இ-யைப் போடுவது விபரீதம். என் 13 வாட்டுக்கு அதே இடத்தில் நான்கரை ஆம்பியர்கூட வராது. எட்டுக்கு வெகு கீழே, ஆகவே கொள்ளளவு கூடிய 35இ-யையே போடலாம். குறைந்த வாட்டில் பிடிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது.

உறையில் 6000, 9900 எம்ஏஎச் என்றெல்லாம் அச்சடித்த 18650 செல்களைப் பார்த்தால் நடையைக் கட்டுங்கள். இந்த அளவில் நல்ல செல்கள் 3500-ஐ ஒட்டியே நிற்கின்றன. ஐயாயிரம் வேண்டுமானால் 21 மில்லிமீட்டர் அகலம், 70 மில்லிமீட்டர் நீளம் உள்ள 21700 செல்லுக்குப் போக வேண்டும். அதற்கேற்ற கருவி வேண்டும், எடையும் எழுபது கிராம் வரும். வாங்கலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். சட்டைப் பையில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தூக்கி எறியும் கருவிகளின் பெட்டியில் இத்தனை ஆயிரம் இழுப்பு என்று போட்டிருப்பதையும் நான் நம்புவதில்லை. இழுப்பு எத்தனை விநாடி என்பதையும் சேர்த்துப் போட்டால் யோசிக்கலாம்.

சார்ஜ் செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. கருவியில் வைத்தே ஏற்றாமல் தனிச் சார்ஜரில் 1 ஆம்பியரில் ஏற்றுகிறேன், மூன்றரை மணி நேரம் ஆகும், செல் சூடேறாது. தலையணை பக்கத்தில் வைத்து இரவெல்லாம் ஏற்றுவது கிடையாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கிடையாது. விமானத்தில் போனால் கருவியும் செல்லும் கைப்பையில்தான், சரக்கோடு போகும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். நிகோட்டினை மில்லிக்கு 12 மில்லிகிராமில் ஆரம்பித்து 6-க்கு இறக்கி, போன மாதம் 3-க்கு வந்தேன். உடம்பு விடுமா? எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்கிறது. 250 இழுப்பு 380 ஆகிவிட்டது, மூன்று நாள் வந்த செல் இரண்டு நாள்தான் வருகிறது. வாட்டைக் கூட்டினால் திருப்தி கிடைக்கும் என்று தெரியும், கூட்டவில்லை. அதற்குப் பதிலாக 35இ இரண்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த முதல் ஒல்லிப் பாட் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. குப்பையில் போட்டால் எங்காவது நசுங்கித் தீப்பிடிக்கும் என்பதால் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வைத்திருக்கிறேன். நேற்று எடுத்து இழுத்துப் பார்த்தேன். பத்து முறை கண் சிமிட்டியது.